என் மகளின் தூசிக்கு ஒரு சான்றிதழ்

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்கள் சமூகத்துக்கு,

வெண்ணந்தூரிலிருந்து தங்கள் மாணவி இலக்கியாவின் தகப்பன் சென்றாயன் கைகூப்பி எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கூண்டுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். தங்களுக்குச் சொந்த ஊர் பெரியகுளம் பக்கம் என்று மகள் சொன்னதால் துணிந்து தமிழிலேயே எழுதுகிறேன். அவள் வேலை செய்யும் தூசி ஆள் நெஞ்சுக்குள் போகாத தூசி என்று முத்திரை வைத்து ஒரு சான்றிதழ் வேண்டும். அதைக் கையில் கொடுத்து அவளைப் பத்து நாள் ஊருக்கு அனுப்பியும் வைக்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை மோகனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன் பெயர் சிவபிரகாஷ், கோழிப்பண்ணை வைத்திருக்கிறான், தங்கமான குணம். இலக்கியாவின் போட்டோவைப் பார்த்ததுமே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பையனின் அம்மா வசந்தாமணி, "புள்ளை என்னங்க பண்ணுது?" என்று கேட்கும்வரை நன்றாகத்தான் போயிற்று. ஆராய்ச்சி என்று சொல்லி வாயை மூடியிருக்கலாம். விதி யாரை விட்டது! "தூசிங்க" என்றேன். "தூசியா? கூட்டிப் பெருக்கறதுக்கா இத்தனை படிச்சுது?" என்றார் அந்தம்மா. எனக்குச் சுருக்கென்றது.

மகள் போனில் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டேன். கூண்டிலிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, கொஞ்சமாக ஒரு வாயுவை விட்டு, மின்சாரம் பாய்ச்சினால் அது ஒளிரும், அதற்குப் பேர் பிளாஸ்மா, அதில் தூசியைத் தூவினால் ஒவ்வொரு தூசியும் எலக்ட்ரானை அள்ளிப் பூசிக்கொண்டு விழாமல் அந்தரத்தில் நிற்கும், எல்லாவற்றிலும் ஒரே மின்சாரம் ஏறியிருப்பதால் ஒன்றை ஒன்று அண்டவிடாது, நாற்று நட்டதுபோல் தள்ளித் தள்ளி வரிசையாக நிற்கும் என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. சரி, நம் வழக்கத்தை வைத்தே சொல்வோம் என்று, "ஒரே கூட்டத்துல நாம பொண்ணு எடுக்கறமா? பங்காளி, அண்ணன் தங்கச்சி மொறைன்னு தள்ளித்தானுங்க நிக்கறோம்? தூசியும் அப்படித்தானுங்க" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு விட்டேனா? "எங்க புள்ளை அந்தக் கூண்டைச் சுத்தித் திரவ ஹீலியத்தை ஊத்திக் கடுங்குளிராக்குதுங்க. குளிர் ஏற ஏறத் தள்ளி நின்னதெல்லாம் கிட்டக் கிட்ட வந்துருமுங்க" என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன். அந்தம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஒரே கூட்டத்தையா கிட்டக் கொண்டாந்து உடுது உங்க புள்ளை? இதுக்குப் படிப்புன்னு பேரு வேறயா? கருமம்!"

போதும் நிறுத்துங்கள் என்று என் மனைவி முத்தாயம்மாள் சமையலறையிலிருந்து கண்ணைக் காட்டுகிறாள். நான் பார்த்தால்தானே! டிவி வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலைப் பிய்த்து உதிர்த்து, பிளாஸ்டிக் ஸ்கேலைத் துண்டில் பரபரவென்று தேய்த்துக் கிட்டே கொண்டுபோனேன். உருண்டைகள் துள்ளின. துள்ளியவை அந்தம்மாவின் பட்டுச் சேலையிலும் பையனின் மீசையிலும் போய் ஒட்டிக்கொண்டன. தட்டினால் கையில் ஒட்டுகிறது, கையை உதறினால் சேலைக்கே திரும்புகிறது. பையன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது.

அது நிற்கவே இல்லை ஐயா. நான் வாலிபத்திலிருந்து ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவன். பாறையைத் துளைக்கும்போது மாவாக எழும்பும் தூசியில்தான் நின்றேன், அதிலேயே உட்கார்ந்துதான் சோறு தின்றேன், மூக்கில் ஒரு துணி கட்டியதில்லை. இருமி முடித்துத் துண்டை எடுத்தால் அதில் ரத்தம். அந்தம்மா பார்த்துவிட்டார். "அப்பனுக்கும் தூசி, புள்ளைக்கும் தூசி. எங்களுக்கு வேண்டாமுங்க" என்று எழுந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பையன் மட்டும் வாசலில் என் கையைப் பிடித்து, "டாக்டர்கிட்டக் காட்டுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே, அவள் தூசி வேறு, அப்பன் தூசி வேறு என்று தாங்கள் எழுதிக் கொடுத்து, அவளும் நேரில் வந்து நின்றால் அந்தம்மா மனம் இளகும். ஹீலியம் இப்போதுதான் கிடைத்தது, பாதியில் விட்டால் இத்தனை வருஷப் படிப்பும் போச்சு என்று அவள் அழுவாள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது.

தங்கள் வம்சம் தழைக்கட்டும், தங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருநாளும் கரண்ட் போகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
சென்றாயன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் சேலம் போய் எக்ஸ்ரே எடுத்தேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, கூட யாரும் வரவில்லையா என்று கேட்டார். நெஞ்சு முழுக்கக் கல் தூசியாம், இறுகிப்போய்விட்டதாம், எடுக்க வழியில்லையாம். மார்கழிப் பனியைத் தாண்டினால் பார்க்கலாம் என்றார். சான்றிதழ் வேண்டாம் ஐயா. அவளை அனுப்பவும் வேண்டாம். விஷயம் தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவள் படிப்பை முடிக்கட்டும். அதற்குள் எனக்கு ஏதாவது ஆனால் அவளுக்குச் சொல்லாமல் தங்களுக்குத்தான் போன் செய்ய வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி இங்கிருந்து யாராவது போன் செய்தால் அவளிடம் கொடுக்காதீர்கள், முடித்த பிறகு சொன்னால் போதும். அப்போது தங்களைத்தான் வாய்க்கு வந்தபடி ஏசுவாள். அப்பன் சொல்லித்தான் செய்தேன் என்று அவளிடம் காட்டத் தங்களுக்கு ஏதாவது வேண்டுமே, அதற்காகத்தான் இதைக் கிழித்துப் போடாமல் அனுப்புகிறேன்.