இணைப்பிலேயே இருங்கள்

"மெஷின் எப்படியோ போகட்டும்யா. முதல்ல அந்தப் புல்லாங்குழலை நிறுத்துங்க!"

தொலைபேசியில் இப்படி அலறிய வாடிக்கையாளர், அதற்குமேல் முடியாமல் விசும்பினார். புகார்ப் பிரிவின் மேற்பார்வையாளர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

வாஷிங் மெஷின் செய்து விற்கும் கம்பெனி அது. புகார் சொல்ல அழைப்பவர்கள் தங்கள் முறை வரும்வரை ஒரு புல்லாங்குழலைக் கேட்டாக வேண்டும். நாலே நாலு ஸ்வரம், செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும். முறை வருவதற்குள் மெஷின் மேல் இருந்த கோபம் மனித குலத்தின் மேலேயே திரும்பிவிடும். ஆனாலும் யாரையும் முந்த விடமாட்டார் மேற்பார்வையாளர். அதனால் ஆபீசில் அவருக்கு 'வரிசையார்' என்று பட்டப்பெயர்.

மேலாளர் வரிசையாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாசக் கடைசிக்குள்ள புகார் குறையணும். இல்லேன்னா உங்க பிரிவை இழுத்து மூடிட்டு உங்களை குடோனுக்கு அனுப்பச் சொல்லிட்டார் சேர்மன்."

"மெஷினை ஒழுங்கா செஞ்சா புகார் தானா குறையும் சார்."

"நடக்கிற காரியமா ஏதாவது சொல்லுங்க."

குடோன் என்றால் ஜன்னல் கிடையாது, மின்விசிறி கிடையாது, பேச்சுத் துணைக்கு அட்டைப்பெட்டிதான். வரிசையார் தொங்கிய முகத்துடன் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, நம்ம மெஷின் பேய் புடிச்ச மாதிரி ஆடுது. ஒரு ஆளை அனுப்புங்கன்னா கேக்கறீங்களா?"

"போன் பண்ணி முறையா பதிவு பண்ணு. நம்ம வீட்டுக்கே சலுகை காட்டினா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பண்ணினேனே! புல்லாங்குழலைக் கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன். தம்பி வேற, 'அக்கா, அது பாட்டுக்கு ஆடட்டும், தொடாதே'ங்கிறான். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கல்லுல துவைக்க வைக்கப் போறீங்க."

தம்பி என்பது பின்னறையில் குடியிருக்கும் மைத்துனன். பேஸ் கிட்டார் வாசிப்பவன். சாக்ஸபோன் ஊதும் நண்பன் ஒருவனும் உண்டு. இந்த இருவரும் சேர்ந்து என்ன வாசிக்கிறார்கள் என்று வரிசையார் இதுவரை கேட்டதில்லை. அன்று அவரே போய்ப் பின்னறைக் கதவைத் தட்டினார்.

"ஏம்ப்பா, காத்திருக்கிறவங்க கோபப்படாத மாதிரி ஏதாவது பாட்டு வச்சிருக்கியா?"

"இதைக் கேளுங்க அத்தான்" என்று ஒலிபெருக்கியைத் திருகினான் மைத்துனன்.

முதலில் டிரம்ஸ் வந்தது. இரண்டு அடி, ஒரு இடைவெளி, மூன்று அடி, பிறகு பித்தளை அண்டா மாடிப்படியில் உருண்ட மாதிரி ஒரு தடதடப்பு. அந்தத் தடதடப்பும் இம்மி பிசகாமல் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து விழுந்தது. அதன்மேல் பேஸ் கிட்டார் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு நெஞ்சுக்கூட்டில் இடித்தது. கடைசியாக சாக்ஸபோன், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்போல் மூச்சிரைக்க ஏறியது. பிடிக்குமா, விட்டுவிடுமா என்று பதறும்போது மூன்றும் சேர்ந்து ஒரே இடத்தில் 'தொம்' என்று இறங்கின.

வரிசையார் கைகட்டித்தான் நின்றிருந்தார். ஆனால் அவருடைய முழங்கால் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன சங்கீதம்ப்பா இது?"

"ஃபங்க் அத்தான். கொஞ்சம் ஜாஸ் ஃப்யூஷனும் கலந்தது."

"தாளம் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே புரியலையே."

"புரிய வேண்டாம். அடுத்த அடி இங்கதான் விழும்னு நினைப்பீங்க, விழாது. சரி போன்னு விட்டீங்கன்னா வந்து இடுப்புல விழும்."

மறுநாள் புல்லாங்குழல் ஓய்வு பெற்றது.

"வணக்கம், உங்கள் புகார் என்ன?" என்றார் வரிசையார்.

"ஐயய்யோ, இப்பவா எடுப்பீங்க? சாக்ஸபோன் இப்பதானே ஏற ஆரம்பிச்சுது! வைங்க, வைங்க. திரும்ப அங்கேயே விடுங்க!"

அடுத்தவர் பேசவே இல்லை. நாக்கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். புகார் மளமளவென்று சரிந்தது. மேலாளர் தட்டிக்கொடுத்த தட்டிலும் அந்தத் தாளம்தான் இருந்தது.

ஆனால் இணைப்புகள் திணறின. மெஷினே வாங்காதவர்கள்கூட அழைத்தார்கள். வரிசையார் யோசித்து, பாட்டைப் பாதியில் வெட்டினார். மீதி எங்கே என்று அத்தனை பேரும் மறுபடி அழைத்தார்கள். காத்திருப்பே வேண்டாம் என்று உடனுக்குடன் எடுக்க உத்தரவிட்டார்.

"நான் பழைய வாடிக்கையாளர் சார்" என்று ஒருவர் மனம் நொந்துபோனார். "என்னைக் கொஞ்ச நேரம் காக்க வைக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

கடைசியில், மெஷின் எண்ணைச் சொல்பவர்களுக்கு மட்டுமே பாட்டு என்று விதி போட்டார். அவ்வளவுதான், கடைகளில் மெஷின்கள் பறந்தன. "பெட்டியைப் பிரிக்க வேணாம்ப்பா, நம்பரை மட்டும் எழுதிக் கொடு" என்று வாங்கிப் போனவர்களும் உண்டு.

சேர்மனே ஒரு நாள் அழைத்து, காத்திருந்து, கேட்டு, மறுபடி கேட்டார். அப்புறம் வரிசையாரை நேரில் வரச் சொன்னார்.

"புது மாடல் வெளியீட்டு விழாவில இவங்க நேர்ல வாசிக்கணும். முக்கியமா அந்த டிரம்மர். மனுஷனா அவர்? நான் கை குலுக்கணும். அவரைக் கொண்டுவந்தா நீங்க துணை மேலாளர்."

"வரலேன்னா சார்?"

"குடோன் காலியாத்தான் இருக்கு."

வரிசையார் விஷயத்தைச் சொன்னதும் மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை.

"அவர் வீட்டை விட்டு எங்கேயும் வந்ததில்லையே அத்தான்."

"தண்ணி போடுவாரா?"

"தண்ணி இல்லாம ஆரம்பிக்கவே மாட்டார்."

"கடவுளே! சேர்மன் முன்னாடி நிதானமா நிப்பாரா?"

"நிதானமா நின்னா அப்புறம் என்ன வாசிப்பு? நீங்க கவலைப்படாதீங்க. ஒரு பெரிய வண்டி மட்டும் அனுப்புங்க. தூக்க நாலு ஆள் நான் பாத்துக்கறேன்."

இசைக்கலைஞர்கள் பற்றி வரிசையார் கேள்விப்பட்டிருந்தது எல்லாம் உண்மையாகிவிட்டது. ஆனாலும் துணை மேலாளர் நாற்காலி கண்ணுக்குள் சுழன்றது.

விழா நாள் காலை. மைத்துனன் ஆள் பிடிக்கப் போயிருந்தான். மனைவி ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுதான் உங்க நல்ல சட்டை. சேர்மன்கிட்ட இந்தக் கறையோடேயே போய் நில்லுங்க. மெஷின்ல போட்டா அது ஆடற ஆட்டத்துல கை தனியா, காலர் தனியா வரும்."

வரிசையார் கறையைப் பார்த்தார். நாற்காலியை நினைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வரிசையை உடைத்தார்.

"கம்பெனியிலேயே கெட்டிக்கார மெக்கானிக்கை அனுப்பறேன், போதுமா? இன்னியோட உன் குறை தீர்ந்துது."

அரங்கம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சேர்மன் இப்போதே காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மேடையில் சாக்ஸபோன் நண்பன் மட்டும் வியர்த்துக்கொண்டு நின்றான். மெக்கானிக்குக் காத்திராமல் மனைவி கல்லில் துவைத்துக் கொடுத்த சட்டையில் வரிசையார் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தார்.

"எங்கய்யா உங்க டிரம்மர்?" என்றார் சேர்மன்.

"கிளம்பிட்டார் சார். இதோ."

கதவு திறந்தது. எல்லோரும் திரும்பினார்கள். கருவிப் பையுடன் உள்ளே வந்தவர் மெக்கானிக். நேராக வரிசையாரிடம் வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டு மெஷினுக்கு பேரிங் மாத்திட்டேன் சார், இனிமே துளி சத்தம் வராது. ஆனா உங்க மச்சினருக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு. நாலு ஆளோட வந்தவர், மெஷினைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, 'என் டிரம்மரைக் கொன்னுட்டியேய்யா'ன்னு ஒரே அழுகை!"