முதலாளி கன்னம் வைத்த சுவர்

உண்மை பேசுவது நல்ல குணம்தான். யாரும் கேட்காதபோது பேசினால் அதற்குப் பெயர் கிறுக்குத்தனம். இருபத்தாறு வயதில் எனக்கு அது ஏராளமாக இருந்தது. (இப்போது மட்டும் என்ன குறைச்சல் என்பாள் என் மனைவி.)

அறுபதுகளின் கடைசி. மெட்ராஸில் ஒரு முதலாளி சொகுசு ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். முகப்புக் கூடம் செட்டிநாட்டு வீடு மாதிரி இருக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. காரைக்குடிக்காரன் என்ற ஒரே தகுதிக்காக உள்வேலைக்கு என்னை மேற்பார்வையாளனாகப் போட்டார்கள். கூடம் பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் மகள் மீனாட்சியைக் கொடுப்பேன் என்று மாமா கறாராகச் சொல்லியிருந்தார்.

தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், முத்தையா கொத்தனார் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் சுவரின் கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து தேய்ப்பார்கள். கூடை கூடையாக முட்டை வந்தது. மஞ்சள் கருவை வீணாக்க மனமில்லாமல் எங்கள் ஆட்கள் மூன்று வேளையும் அதையே பொரித்துத் தின்றார்கள்.

“தம்பி, இது சைவ ஹோட்டலாமே. மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?” என்றார் கொத்தனார்.

“அட போங்கண்ணே! நம்ம ஊர்ல வெங்காயங்கூடத் தொடாதவுக வீட்டுச் சுவத்துலயும் இதுதான இருக்கு. யாராச்சும் கேட்டாகளா?”

முதலாளி குளித்து, பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு வந்தார். பளபளத்த சுவருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். கன்னத்தை அதன்மேல் சாய்த்துக் கண்ணை மூடினார். “ஆஹா, என்ன குளிர்ச்சி! மேனேஜர், இவருக்கு நிரந்தர ஆர்டர் அடிச்சிடுங்க.”

புத்தியுள்ளவன் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருப்பான்.

“எல்லாம் முட்டை சார்!”

“எது?”

“சுவர் முழுக்க சார்! சுத்தமான நாட்டுக்கோழி முட்டை!” (மட்டமான சாமான் என்று நினைத்துவிடக் கூடாதே!)

கன்னத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே குழாயடிக்கு ஓடினார் மனிதர். பூச்சை உடைத்தெடுக்கச் சொன்னார்கள். நாலு பேர் நாலு நாள் உளியால் அடித்தும் பெயரவில்லை. கடைசியில் பலகை அடித்து மறைத்தார்கள். கொத்தனாருக்கு மட்டும் ஒரே பெருமை.

ஊர் திரும்பும் ரயிலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனதற்கல்ல, மீனாட்சிக்காக. சம்பளம் பத்தவில்லை, நானே விட்டுவிட்டேன் என்று மாமாவிடம் புளுகத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கோழிவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வெடித்தது.

“அப்பா, எனக்கு இவுகதான். இவுகளால ஆயுசுக்கும் எங்கிட்ட எதையும் ஒளிக்க முடியாது,” என்றாள் மீனாட்சி.

கட்டிக்கொண்டாள். ஆனால் எங்கள் மூன்று பெண்களையும் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது நான் வீட்டில் இல்லை. ஒவ்வொரு தடவையும் விடிந்ததும் என்னைக் குன்றக்குடிக்குப் பஸ் ஏற்றிவிட்டாள்.

“எல்லாத்தையும் முருகங்கிட்ட சொல்லிட்டு வாங்க. அவரு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு.”