பாம்பைப் பார்சலில் அனுப்ப எனக்கு அனுமதி கிடைத்த விவரம்

சலைனா, கேன்சஸ்
மார்ச், வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு, உன் தம்பி வெண்டல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நோரீனும் சுகம். டுலூத்தில் நீயும் அத்தானும் சுகம்தானே? ஏரி உருக ஆரம்பித்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். இனிமேல் பனிமேல் உட்கார்ந்து மீன்பிடிக்கப் போக வேண்டாம் என்று அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல். கேட்கமாட்டார் என்று தெரியும், இருந்தாலும் சொல்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்க வேண்டும். நோரீன் போனில் பேசும்போது இதில் உள்ள ஒரு வார்த்தையும் உன் வாயிலிருந்து வரக்கூடாது. அறுபத்தொரு வயதுவரை தனிக்கட்டையாக இருந்தவனுக்கு இப்படி ஒருத்தி கிடைத்தது பெரிய விஷயம் என்று நீதானே சொன்னாய். அவள் பாம்பு வளர்க்கிறாள் என்று நான் சொன்னபோதும், "டேய், ஏதேன் தோட்டத்துப் பாம்புப் படம் போட்ட பக்கத்த யாராவது திருப்பினாத்தான் நீ பைபிளையே தொடுவ, நீ எப்படிடா அந்த வீட்டுல இருப்ப?" என்று கேட்டவளும் நீதான். அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன். என்ன நடந்தது என்றால், சர்ச் விருந்தில் அவளை முதன்முதலாகப் பார்த்த அன்று, "எனக்குப் பாம்புன்னா உயிரு, உங்களுக்கு எப்படி?" என்று கேட்டாள். என் வாய் நிறைய ஆப்பிள் கேக் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, எனக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணைப் பார்த்திருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். கல்யாணமாகி இரண்டு குளிர்காலமாக அவளுடைய இந்த வீட்டில் பாம்பு அறையைத் தாண்டும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு போகிறேன். குளிர்காற்று வருகிறது என்று சொல்லிப் படுக்கையறைக் கதவின் அடியில் துண்டை அடைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். ஜூலை மாதத்திலும் எங்கிருந்து குளிர்காற்று வருகிறது என்று நோரீன் இதுவரை கேட்டதில்லை. அவ்வளவு நல்லவள்.

ஜனவரியில் அவள் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். மாவுக்கட்டோடு வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வளர்ப்பது பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் சின்ன ஜாதி மலைப்பாம்பு. விஷம் கிடையாது என்கிறாள். விஷம் இருந்தால்தான் பயப்படவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாதா மாதம் விச்சிட்டா நகரத்துப் பாம்புக் கண்காட்சிக்குக் குட்டிகளை எடுத்துப்போய் விற்பாள். இப்போது அது முடியாது, ஆகவே கூரியரில் அனுப்பலாம் என்றாள். ஆனால் கூரியர்காரர்கள் கண்டவர்களிடமிருந்து பாம்பை வாங்கமாட்டார்கள். முதலில் நம் பெட்டியை, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறுமனே கட்டி, அவர்களுடைய சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை உயரத்திலிருந்து போட்டு, நசுக்கி, உலுக்கிப் பார்த்துத் தேறினால்தான் அனுமதி. யார் கட்டினார்களோ அவர் பெயருக்குத்தான் தருவார்கள். நோரீனால் ஒற்றைக் கையால் ஒரு முடிச்சுகூடப் போடமுடியாது. ஆகவே சட்டப்படி பாம்பு அனுப்புகிறவன் என்று உன் தம்பி பெயர் விண்ணப்பத்தில் ஏறிவிட்டது.

பெட்டியை எப்படிக் கட்டினேன் என்று கேள். உள்ளே இருப்பது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே கட்டினேன். அட்டைப்பெட்டிக்குள் தெர்மக்கோல், அதற்குள் இன்னொரு பெட்டி, மூலை முடுக்கெல்லாம் டேப், டேப்பின்மேல் டேப். அனுப்பிய மறுவாரம் சோதனைக்கூடத்திலிருந்து டகெட் என்ற பெண்மணி போன் செய்தார். பெட்டி எல்லாச் சோதனையிலும் தாங்கியதாம், கடைசியில் திறந்து பார்க்க அவர்களுக்கு ரம்பம் தேவைப்பட்டதாம். "இதுலேருந்து எதுவும் வெளிய வராது சார், அத நான் ஒத்துக்கறேன். ஆனா காத்து உள்ள போகவும் வழி இல்லையே. பாம்பு பத்திரமா போய்ச் சேரும், உயிரோட சேராது" என்றார். அனுமதி கிடையாது.

அக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, போனை வைத்ததும் எனக்கு ஆடவேண்டும்போல் இருந்தது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நோரீனிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒற்றைக் கையால் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பரவால்ல வெண்டல். நெடுஞ்சாலையில நேராத்தான போகணும், ஒரு கையே போதும். நானே ஓட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்றாள். வெளியே சாலை கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. அவள் வண்டி சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடப்பதாகவும், பின்சீட்டுக் குட்டிகளெல்லாம் குளிரில் விறைத்துக் கிடப்பதாகவும், அந்த வீட்டுக்கு நான் மட்டும் திரும்பி வந்து கதவைத் திறப்பதாகவும் எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. பாம்பு பயம் ஒரு பயம், இது வேறு பயம். அப்படியே கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் இன்னொரு பெட்டி செய்தேன். இந்தத் தடவை பின்னல் ஊசியைக் காய்ச்சித் துளை போட்டேன், பாம்பின் நாக்கு நுழையலாம், மூக்கு நுழையாது என்கிற அளவுக்கு. டகெட் அம்மாள் மறுபடி போன் செய்தார். இவ்வளவு ஜாக்கிரதையாக யாரும் பெட்டி கட்டி அவர் பார்த்ததில்லையாம். பாம்புமேல் அவ்வளவு பிரியமா என்று கேட்டார். உயிர் என்றேன். வேறென்ன சொல்வது?

அனுமதிக் கடிதத்தை நோரீன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாள். தபால்காரருக்குக்கூடக் காட்டிவிட்டாள்.

நேற்றுதான் முதல் பார்சல். தூரத்துப் பாய்சி நகரத்தில் ஹஃப்ஸ்டெட்லர் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் மேபல் என்ற குட்டியை வாங்கியிருக்கிறார். மேபல் ஒரு முழ நீளம்தான் இருக்கும், ஆனால் பார்ப்பாள், அக்கா. கண்ணிமை இல்லாததால் பார்த்துக்கொண்டே இருப்பாள். நோரீன் நல்ல கையால் அவளைத் தூக்கினாள், நான் துணிப்பையை விரித்துப் பிடித்தேன். அடிபடாமல் இருக்கப் பையில் ஏற்கனவே கசக்கிய காகிதம் நிறையப் போட்டிருந்தோம். மேபல் உள்ளே போனாள். துணிக்கு இந்தப்பக்கம் இருந்த என் கையை உரசிக்கொண்டு உள்ளே ஏதோ நகர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் முடிச்சுப் போட்டேன். "என்ன, கண்ண மூடிக்கிட்ட?" என்று நோரீன் கேட்டாள். ஜெபம் பண்ணுகிறேன் என்றேன். அவளும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாள். கராஜில் வண்டியின் பின்சீட்டில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன், வீட்டுக்குள் வைத்து இந்த வேலையைச் செய்ய எனக்குத் தைரியமில்லை. அங்கே இடம் தாராளம் என்று நோரீனிடம் சொல்லிவைத்தேன். பையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு போய் சீட்டில் வைத்தேன். டேப்பை மறந்துவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய் எடுத்துவந்து, பையைப் பெட்டிக்குள் இறக்கி, சூட்டுப் பொட்டலம் வைத்து, மூடி, ஒட்டி, கொண்டுபோய்க் கொடுத்தேன். 'உயிருள்ள தீங்கற்ற பாம்பு' என்று ஒட்டியிருந்ததைப் படித்ததும் கவுண்டரில் இருந்த பெண் பின்னால் நகர்ந்தாள். அந்தப் பெட்டிக்குள் பயப்பட ஒன்றுமே இல்லை என்று அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். நான்! நீ பார்த்திருக்கவேண்டும்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. பயம் போய்விட்டது, அக்கா. நேற்றிரவு கதவடியில் துண்டு வைக்கவில்லை. திங்கட்கிழமை இன்னும் இரண்டு பேரை அனுப்பவேண்டும், நானே தூக்கிப் பையில் விடுகிறேன் என்று நோரீனிடம் சொல்லியிருக்கிறேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். இப்போது பாய்சியில் மேபல் போய் இறங்கியிருப்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் முழங்கால் சீக்கிரம் சரியாக ஆண்டவர் கிருபை செய்யட்டும். ஈஸ்டருக்கு வந்தால் தாராளமாக இந்த வீட்டில் தங்கலாம், பயப்பட இங்கே ஒன்றும் இல்லை.

என்றும் உன் அன்புத் தம்பி,
வெண்டல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஹஃப்ஸ்டெட்லர் போன் செய்தார். ரொம்ப மரியாதையான மனிதர். பெட்டி அருமை, பை அருமை, காகிதமெல்லாம் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது, பாம்பு தனியாக வருமா என்று கேட்டார். முடிச்சு பையின் வாயில் இல்லையாம், பையின் கைப்பிடிக் காதில் இருந்ததாம். நான் போனை நோரீனிடம் கொடுத்துவிட்டு, கோட்டையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறி, வண்டியை வாசலுக்கு ஓட்டிவந்து, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, காலடியில் ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்து உட்கார்ந்தேன். மேபல் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் இங்கே வரமுடியாது என்று நினைத்தேன். நோரீன் வந்து கண்ணாடியைத் தட்டி, பையைப் பெட்டிக்குள் எங்கே வைத்துப் போட்டாய் என்று கேட்டாள். பின்சீட்டில் என்றேன். அவள் மறுபக்கக் கதவைத் திறந்து மெதுவாக உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தாள். "வெண்டல், காலை அசைக்காத. மேபல் பயந்துபோயிருக்கா. நீ பயப்படறது எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்க, நான் போய்ப் பை எடுத்துட்டு வரேன்" என்றாள். கையை மட்டும் அசைக்கலாமாம், அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். மேபல் என் இடது கணுக்காலை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். வீட்டுக்குள் நோரீன் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடும் சத்தம் கேட்கிறது. எங்களிடம் இருந்த ஒரே பை பாய்சியில் இருக்கிறது என்று அவளிடம் கத்திச் சொல்லலாம், ஆனால் கத்தினால் மேபல் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.