வெள்ளைக்காரன் கசாயம்

ஊருக்கெல்லாம் செய்முறை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவனை அடுப்படிப் பக்கம் விடவே கூடாது. நான் அந்தத் தொழில்தான் செய்கிறேன். மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது. ‘முதலில் இதை அழுத்தவும், பிறகு காத்திருக்கவும்’ என்று நான் எழுதுவதை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. ஆனாலும் எழுதி எழுதி, எதையும் எழுத்தில் பார்த்துவிட்டால் செய்துவிடலாம் என்ற திமிர் எனக்கு வந்துவிட்டது. அந்தத் திமிர் எங்கே போய் முட்டியது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டால் என் மாமனார் வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நான் இன்னும் மடையனாக இருப்பேன்.)

கல்யாணமான புதிதில் என் மனைவி கோகிலாவுக்குக் கொல்லிமலையில் வேலை. திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். அவள் ராசிபுரத்துப் பெண், நான் சென்னை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்ன காலம் அது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் மலையேறி, அவளுக்குக் கொடுத்திருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியேறினேன். அவள் காலையில் கிளம்பி ஒற்றையடிப் பாதைகளில் ஊர் ஊராக நடந்து, கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை கொடுத்து, அவர்கள் புருஷன்மாரிடம் குடிக்காதீர்கள் என்று மன்றாடிவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாள். நான் நெட்வொர்க் கிடைக்கும் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நெட்வொர்க் கிடைக்காத நேரம்தான் அதிகம். கெட்ட யோசனைகள் அந்த நேரத்தில்தான் வரும்.

அதற்கு முன்பு ஒருமுறை கம்பெனி என்னைச் சில மாதங்கள் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தது. அங்கே பிட்டர் என்று ஒரு பீர். பழுப்பு நிறம், கசப்பு, ஜில்லென்றுகூட இருக்காது. எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் இன்றுவரை தெரியாது. ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு அதைப் பற்றிப் பேசுவது ரொம்பப் பிடித்திருந்தது. பேச்சில் எங்காவது ‘நான் அங்கே இருந்தப்ப’ என்று நுழைக்க இடம் கிடைத்தால் விட மாட்டேன்.

மலையில் மூடுபனி இறங்கியிருந்த ஒரு மத்தியானம், அந்தப் பீரின் பழைய செய்முறை ஒன்று இணையத்தில் கண்ணில் பட்டது. வெள்ளைக்காரன் நம்மை ஆண்டுகொண்டிருந்த காலத்துச் செய்முறை. படித்து முடித்ததும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். அதே பனி, அதே குளிர். இங்கிலாந்துக்கும் கொல்லிமலைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை, பொருள்களை மட்டும் ஒப்பேற்றிக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தேன். வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம் என்பது எனக்குத் தெரியும். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் காய்ச்சினால் போவது என் வேலை அல்ல, கோகிலாவின் வேலை என்பதும் தெரியும். ஆனால் நான் செய்யப்போவது சரித்திர ஆராய்ச்சி அல்லவா? (அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நான் சொல்வதை நான் உடனே நம்பிவிடுவேன்.)

முளைகட்டிய பார்லி வேண்டும் என்றிருந்தது. செம்மேட்டில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பார்லி வாங்கி ஊறவைத்தேன். அது நீர்க்கடுப்புக்குக் கஞ்சி வைக்கிற, தோல் நீக்கிய பார்லி. முளைக்கவில்லை, நாறியது. சரி, மலையில்தான் ராகிக்குப் பஞ்சமில்லையே என்று ராகிக்கு மாறினேன். கோகிலாவின் பழைய நூல் சேலையில் கட்டி வைத்ததும் அது அழகாக முளைவிட்டது. வாசலில் பாய் விரித்துக் காயப் போட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மா அக்கா வீடு. மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிற மலைக்காரக் குடும்பம். கோகிலா மேல் அவருக்குத் தனிப் பாசம். அவர் மிளகுக் கூடையோடு போனவர், பாயைப் பார்த்து நின்றார்.

“என்னங்க சாமி, ராகி மொளக்கட்டியிருக்கறீங்க?”

“ஆமாங்கக்கா.”

“நம்ம கோகிலா கண்ணுக்குங்களா?”

“எங்க ரெண்டு பேருக்கும்தான். ஆனா இப்போ யாருக்கும் சொல்லாதீங்க. நேரம் வரும்போது நானே சொல்றேன்.”

வெள்ளையம்மா அக்காவின் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. “நான் ஏஞ்சாமி சொல்றேன்?” என்று சிரித்தபடியே போனார். தமிழ்நாட்டில் முளைகட்டிய ராகியைக் காயவைத்து மாவாக்குகிற வீட்டில் ஒன்று கைக்குழந்தை இருக்கும், இல்லையென்றால் வரப்போகும். இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அதுதானே சாப்பிடுகிறது. எனக்குத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டுக்கு மலைவாழைச் சீப்பு வந்தது. நாட்டுக்கோழி முட்டை வந்தது. யாரோ ஒரு அம்மா கமலா ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்து, காரணமே இல்லாமல் என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். மலை மக்களின் விருந்தோம்பல் என்று நினைத்து நான் நெகிழ்ந்துபோனேன். பழத்தைத் தின்றுவிட்டு ஆரஞ்சுத் தோலைப் பீருக்காக எடுத்து வைத்துக்கொண்டேன். கோகிலாவிடம், “ஒரு சத்து பானம் செய்றேன், தயாரானதும் பார்” என்று மட்டும் சொல்லியிருந்தேன். நாள் முழுக்க மலையேறி இறங்கிய களைப்பில், நான் அடுப்படியில் ஏதோ செய்கிறேன் என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. கிராமத்தில் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளையைப் பற்றி, சுமப்பவள் தானாக வாய் திறக்கும் முன்னால் கேட்பது அங்கே மரியாதை இல்லை.

அடுத்தது கசப்பு. வெள்ளைக்காரன் அதற்கு ஏதோ ஒரு கொடியின் பூவைப் போடுகிறான். அது இங்கே எங்கிருந்து கிடைக்கப் போகிறது? கசப்புதானே வேண்டும் என்று காய்ந்த நிலவேம்பு வாங்கிவந்து, பூவுக்குச் சொல்லியிருந்த அதே எடைக்கு, ராகி மாவு கரைத்த அண்டாவில் கொட்டினேன். நிலவேம்பில் நாலு இணுக்குப் போட்டாலே காய்ச்சல்காரன் எழுந்து ஓடுவான். நான் போட்டது ஒரு பஞ்சாயத்துக்கே போதும்.

கொல்லைப்புறத்தில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையம்மா அக்கா கையில் கருவேப்பிலையோடு வந்தார்.

“என்னங்க சாமி கொதிக்குது? வாசமே ஒரு தினுசா இருக்குதுங்களே?”

“நிலவேம்புக்கா. நல்லாக் கசக்கணும், அப்பத்தான் சரியா வரும்.”

“யாருக்குங்க?”

“கோகிலாவுக்குத்தான். ஒரு பெரிய டம்ளரா கொடுக்கணும்.”

அவர் என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். கருவேப்பிலையைத் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். மாசமாக இருப்பவர்கள் நிலவேம்பைத் தொடவே கூடாது என்று அந்த மலையில் வீடு வீடாகச் சொல்லி வைத்தவளே கோகிலாதான். அதுவும் எனக்குத் தெரியாது. அன்றோடு வாழைப்பழம் நின்றது, முட்டை நின்றது. நான் வாசலில் நின்றால் எதிரே வரும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மலை மக்கள் சட்டென்று மனசு மாறக்கூடியவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் பீரைத் தெளியவைக்க, ஏதோ ஒரு மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைக் காயவைத்துப் போட வேண்டும் என்றிருந்தது. மீன், காய்ந்தது என்ற இரண்டு தகவல் போதாதா? நெத்திலிக் கருவாட்டைத் துணியில் முடிந்து உள்ளே இறக்கினேன். பேக்கரியில் கெஞ்சி வாங்கிய ஈஸ்ட், மலைக் குளிரில் அசையாமல் கிடந்தது. செத்துவிட்டது என்று பயந்து இன்னும் கொஞ்சம் ஈஸ்ட், இன்னும் ஒரு பிடி வெல்லம் என்று போட்டு, மலைத்தேன் விற்கிற காலி பாட்டில்களில் ஊற்றித் தக்கை அடித்துச் சணலால் இறுக்கினேன். குளிராமல் இருக்கக் கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தேன். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு பதமாகச் சுற்றியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு நல்ல வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோகிலா ஏதோ பிரசவம் என்று பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். வாசலில் என் மாமியாரும் மாமனாரும் வந்து நின்றார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்த முகம் மாமியாருக்கு. மாமனார் ராசிபுரத்தில் நெய் வியாபாரி. நெய்யை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தே கலப்படத்தைச் சொல்லிவிடுகிறவர். கல்யாணத்திலிருந்து அதுவரை என்னிடம் ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ என்ற இரண்டைத் தவிர வேறு பேசியதில்லை. அவர்களுக்குப் பின்னால் வெள்ளையம்மா அக்கா. அவருக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள். போன் செய்து வரவழைத்ததே அக்காதான்.

மாமியார் செருப்போடு நேராக உள்ளே வந்து, அதைக் கட்டிலடியில் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். கொண்டுவந்த பையை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, எம்புள்ள உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணுனா?”

“அத்தை, என்ன ஆச்சு?”

“இப்ப கொழந்தை வேண்டாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமுங்க. இப்படி நெலவேம்பக் காச்சி ஊத்தறதா? பெத்த வயிறு பத்துதுங்க எனக்கு.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு முளைகட்டிய ராகி, முட்டை, ஆரஞ்சு, நின்றுபோன வாழைப்பழம் எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்தன. ‘அது கசாயம் இல்லை, பீர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் கொலைகாரன் இல்லை என்று ஆகிவிடும். ஆனால் வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்கள். அந்த வார்த்தை மலையைச் சுற்றி வந்து அவளுடைய ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தால் கோகிலாவின் வேலை போய்விடும். வாயைத் திறந்து மூடினேன். அதைப் பார்த்தவர்களுக்குக் குற்றவாளி முழிப்பது போலத்தான் இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துக் கோகிலா வந்து சேர்ந்தாள். மாமியார் எழுந்து ஓடிக் கட்டிக்கொண்டு அழுதார்.

“ஏங்கண்ணு, எங்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதா? எத்தன மாசம்?”

“யாருக்கும்மா எத்தன மாசம்? பிரசவம் பாத்துட்டு வாரேன், நல்லா சொகமா பொறந்திருக்குது.”

“உனக்குக் கண்ணு!”

“எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே!”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்போது கட்டிலுக்கு அடியில் முதல் பாட்டில் வெடித்தது.

கம்பளி இருந்ததால் கண்ணாடி எங்கும் தெறிக்கவில்லை. சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. ஒன்றைப் பார்த்து இன்னொன்று சூடுபிடித்து, டப், டப் என்று வரிசையாக வெடித்தன. ஒரு தக்கை பறந்து சுவர்க் காலண்டரில் அடித்தது. பழுப்பு நுரை கட்டிலுக்கு அடியிலிருந்து பொங்கி, மாமியாரின் செருப்பை மெல்ல வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. சாராயமும் கருவாடும் கலந்த ஒரு வாடை வீட்டை நிறைத்தது. கோகிலா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வாசலில் நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மாமனார் முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தப்பித்த பாட்டில் ஒன்றை எடுத்தார். மோந்து பார்த்தார். (நான் கண்ணை மூடிக்கொண்டேன்.) தக்கையைப் பிடுங்கி, அண்ணாந்து ஒரு வாய் நிறைய ஊற்றிக்கொண்டு விழுங்கினார். அவருடைய கண், மூக்கு, காது எல்லாம் ஒரு முறை முகத்தின் நடுவே கூடிப் பேசிவிட்டுத் திரும்பின.

“கசாயம்,” என்றார்.

வெள்ளையம்மா அக்காவுக்குத் திருப்தி இல்லை. “கசாயம் வெடிக்குமுங்களா?”

“ராகியப் போட்டு, வெல்லத்தப் போட்டு, காத்துப் போவாம மூடி வெச்சுட்டாருங்க. மெட்ராஸ்காரருங்கல்ல.”

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது போல வாசலில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். சென்னைக்காரன் என்றால் கசாயத்தை வெடிக்கவும் வைப்பான், அதில் கருவாட்டையும் போடுவான். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “பசிச்சா நம்ம ஊட்டுக்கு வாங்க சாமி” என்று சொல்லிவிட்டு மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

மாமியாரின் பை கட்டில் மேலேயே இருந்தது. மாங்காய், புளிப்பு மிட்டாய், ஒரு பாட்டில் நெய். அதற்கு அடியில் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்த சின்னச் சின்னத் துணிகள். ராவெல்லாம் உட்கார்ந்து தைத்திருக்கிறார். அவர் அவற்றைப் பைக்குள் திரும்ப அமுக்கியபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. கோகிலா அழவில்லை. “நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் போயி குடிக்காதீங்கன்னு சொல்றதுங்க?” என்று மட்டும் கேட்டாள். ஒரு பெரிய டம்ளரை எடுத்து நிரப்பி என் முன்னால் வைத்தாள். “எனக்குத்தான காச்சுனீங்க? நீங்க குடிங்க.”

குடித்தேன். நாக்கு மறுநாள்வரை வேலைக்கு வரவில்லை. பாதி டம்ளரில் என் முகத்தைப் பார்த்த மாமியாருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததைப் பார்த்துக் கோகிலாவும் சிரித்தாள், கொஞ்சமாக.

மிச்சத்தை நானும் மாமனாரும் மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் கொட்டினோம். கொட்டும்போது அது வெள்ளைக்காரன் பீர் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக அவர் என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார். “ஏனுங்க மாப்பிள்ளை, இந்தக் கருமத்தக் குடிச்சுட்டாங்க அவனுங்க நம்மள ஆண்டானுங்க?”

இரண்டு வருடம் கழித்துக் கோகிலாவுக்கு நிஜமாகவே நாள் தள்ளிப்போனது. ராசிபுரத்துக்குப் போன் செய்து சொன்னேன். மாமியார் ஜாக்கிரதையாகக் கேட்டார். “மாப்பிள்ளை, இது புள்ளைதானுங்களா, இல்ல கசாயமுங்களா?” டெஸ்ட் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் நம்பினார்கள். வெள்ளையம்மா அக்கா ராகியைத் தானே முளைகட்டி, மாவாக்கிக் கொண்டுவந்து கோகிலா கையில் கொடுத்தார். என் கையில் கொடுக்க மறுத்துவிட்டார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளியில் அவளுக்கு அழகான பெயர் ஒன்று இருக்கிறது, நானும் கோகிலாவும் யோசித்து யோசித்து வைத்தது. ராசிபுரத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே, “எங்க கசாயம் வந்துருச்சு!” என்று அவள் அப்புச்சி, அதாவது என் மாமனார், கையை நீட்டுகிறார். ஏன் அப்படிக் கூப்பிடுகிறார் என்று போன வாரம் என்னைக் கேட்டாள். அப்புச்சியிடமே கேள் என்றேன். அதைக் குடித்துவிட்டு எங்களைக் காப்பாற்றியவர் அவர்தான், சொல்கிற உரிமையும் அவருக்குத்தான் உண்டு.