முப்பத்தொன்றும் சரியாக இருந்த பஸ்

சனிக்கிழமை, 15.11.2025, மாலை 5.50
திருவிதாங்கோடு பள்ளிவாசல் முற்றம்
ஆள் கணக்கு: காலையில் புறப்பட்டது 31, இப்போது இருப்பது 30

பெருமதிப்புக்குரிய ஐயப்பன் மாமாவுக்கு,

மருமகன் ஆதர்ஷ் பணிவுடன் எழுதுவது. குலசேகரத்தில் தாங்களும் அத்தையும் நல்ல சுகமாக இருப்பீர்கள் என்றும், மழை சற்று விட்டு ரப்பர் பால் வெட்டு தடையில்லாமல் நடக்கும் என்றும் நம்புகிறேன். நானும் உடம்பளவில் சுகம்தான். மற்றபடி ஒன்றும் சுகமில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று வாக்கியம் திட்டி முடித்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் முழுவதையும் படித்த பிறகுதானே திட்ட முடியும். அதனால் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்கவில்லை. ஒரு மனிதரைத் தொலைத்துவிட்டேன். அதுவும் நீங்கள் எனக்குப் பேசி வைத்த பெண்ணின் அப்பா கண் முன்னால்.

எங்கள் தெரு நலச் சங்கத்தார் மாவட்டத்தில் இருக்கிற பழைய இடங்களை எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று ஒரு பஸ் பிடித்ததும், வரைபடம் பார்க்கத் தெரிந்தவன் என்று என் தலையில் பொறுப்பைக் கட்டியதும் உங்களுக்குத் தெரியும். நானும் ஒத்துக்கொண்டேன். ஆரல்வாய்மொழியில் எண்பது மீட்டர் உயரத்தில் காற்றாலைக்குள் ஏறி, கழற்றிய போல்ட்டை எண்ணி, மாட்டிய போல்ட்டை எண்ணி இறங்குகிறவன் நான். முப்பத்தொரு தலை எனக்கு ஒரு கணக்கா என்று நினைத்தேன். அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டு, "மக்கா, நந்தனாவுக்க அப்பா ஈஸ்வரமூர்த்தி அந்த டூர்ல உன்னைப் பாக்க வருவாரு. ஆளு யாருன்னு சொல்ல மாட்டேன், சொன்னா நீ நடிப்பே" என்று ஒரு குண்டைப் போட்டீர்கள். நம் ஆட்களுக்கு மாப்பிள்ளையை வீட்டுக்கு வந்து பார்த்தால் பார்த்த மாதிரி ஆகாது. அவன் கடையில் நிற்கும்போது, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடும்போது, பின்னால் நின்று பார்த்தால்தான் திருப்தி. இது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஒரு இயந்திரத்தைச் சோதிக்கிறவன் கூட முதலில் அதனிடம் போய் நிற்கிறான்.

ஆனாலும் மாமா, இந்தச் சம்பந்தம் தட்டிப் போகக் கூடாது. நந்தனாவிடம் இரண்டு முறைதான் பேசியிருக்கிறேன். இரண்டாவது முறை, "அவ்வளவு உசரத்துல பயமா இருக்காதா?" என்று கேட்டாள். பெல்ட் இருக்கும், பயம் இல்லை என்றேன். "பெல்ட் இல்லாத இடத்துல?" என்றாள். அன்றிலிருந்து வேலையில் இரண்டு முறை ஸ்பேனரைக் கீழே போட்டிருக்கிறேன். நிலைமை இவ்வளவுதான், புரிந்துகொள்ளுங்கள்.

பெயர்ப் பட்டியலில் ஈஸ்வரமூர்த்தி என்று யாரும் இல்லை. மாற்றுப் பெயரில் வந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், தனியாக வந்தவர், எங்கள் தெருக்காரர் இல்லாதவர் என்று வடிகட்டியதில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் தங்க பிரேம் கண்ணாடி போட்ட குமரேசன். பஸ் சுங்கான்கடை தாண்டுவதற்குள் என் வயது, வேலை நிரந்தரமா, பி.எஃப். பிடிக்கிறார்களா, குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சுவலி உண்டா என்று எல்லாம் விசாரித்துவிட்டார். மற்றவர் ரத்தினம் அண்ணாச்சி, போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இறங்கின இடத்தில் எல்லாம் கல்லைத்தான் பார்த்தார். குமரேசன்தான் ஈஸ்வரமூர்த்தி, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குமரேசனுக்கு முன்சீட்டைக் கொடுத்தேன், குடையைப் பிடித்தேன், சாப்பாட்டில் இரண்டு அப்பளம் கூடுதலாக வைக்கச் சொன்னேன்.

ரத்தினம் அண்ணாச்சியோ எங்கே இறங்கினாலும் ஏறுவதில்லை. சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஆள் விசாரிப்பது போல நின்றார். உதயகிரிக் கோட்டை மதிலைத் தடவித் தடவிக் காலடி வைத்து அளந்தார். "அண்ணாச்சி, எல்லாரும் ஏறியாச்சு" என்றால், "ஏறட்டும் தம்பி. இந்த மதிலு இத்தன காலமா இங்க நிக்கு, நான் பத்து நிமிசம் நிக்கப்பிடாதா?" என்கிறார். குமரேசன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற தைரியத்தில், என் நிர்வாகத் திறமை தெரியட்டும் என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன், இனி பிந்தினால் பஸ் நிற்காது என்று. அண்ணாச்சி அதை நிஜம் என்று நம்பிவிட்டாரோ என்னவோ.

மத்தியானம் மூன்றரைக்கு இந்தத் திருவிதாங்கோட்டுப் பள்ளிவாசலுக்கு வந்தோம். தொழுகை நேரம். உள்ளே இருந்து ஒரு பெரியவர் வந்து, "செத்த இருங்க, தொழுதுட்டு வந்து நானே காட்டித் தாறேன்" என்று முற்றத்தில் உட்கார வைத்தார். பிறகு கல்தூண்களையும் பழைய உத்தரங்களையும் காட்டி, எல்லோருக்கும் கட்டன் சாயாவும் கொடுத்தார். அதற்குள் தூறல். குளச்சலில் கடலோரத்துப் பள்ளிவாசலை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்தாக வேண்டுமே என்று எல்லோரையும் விரட்டி ஏற்றி, கடைசி வரிசையிலிருந்து முன்வரிசை வரை எண்ணினேன். முப்பத்தொன்று. சந்தேகத்துக்கு முன்னாலிருந்து பின்னால் ஒரு முறை. முப்பத்தொன்று. டிரைவர் ஸ்டெனியிடம் எடுக்கச் சொன்னேன்.

நான் எண்ணியது தலையை. முகத்தைப் பார்க்கவில்லை.

வழியில் ரத்தினம் அண்ணாச்சி சீட்டிலிருந்து ஒருவர், மடியில் மரச்சீனிக் கிழங்குப் பையை வைத்துக்கொண்டு, "தம்பிக்கு இந்த ஓட்டம் எல்லாம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். யாரென்று பார்க்கக் கூட நேரமில்லை. கேள்வி எல்லாம் கடைசியில் என்று சொல்லிவிட்டு, குமரேசனுக்கு ஜன்னல் சாத்தப் போய்விட்டேன். குளச்சலில் இறங்கும்போது அந்தச் சீட்டுக்கு அடியில் ஒரு பை கிடந்தது. எடுத்து நீட்டினேன். "இது எனக்க பை இல்ல தம்பி. நான் இடையில ஏறினவனாக்கும்" என்றார். திறந்து பார்த்தால் உள்ளே ரத்தினம் அண்ணாச்சியின் போன், கண்ணாடி, சர்க்கரை மாத்திரை டப்பா. சாயங்கால மாத்திரை அப்படியே இருக்கிறது.

ஸ்டெனியைக் கேட்டால், "கொளச்சல் போவுமான்னு கேட்டாரு. போவும்லா? ஏறச் சொன்னேன். மழையில நிக்க மனுசன விட்டுட்டுப் போவச் சொல்லுதியா?" என்கிறான். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. குமரேசன் முன்னால் என் கணக்கைக் கெடுத்தவர் இவர்தானே. "ஓய், சீட்டு காலியா கெடந்தா ஏறி உக்காந்துருவேரா? ஒரு வாய் சொல்லப்பிடாதா?" என்றேன். "டிரைவர் ஏறச் சொன்னாரு, ஏறினேன்" என்றார். "டிரைவர் குளத்துல சாடச் சொன்னா சாடுவேரா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "தண்ணி எவ்வளவு கெடக்குன்னு கேப்பேன்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. குமரேசனும் சிரித்தார். எனக்கு மானமே போயிற்று. உம்மால் தொலைந்த ஆள், தேடிக் கொடுத்துவிட்டுப் போம் என்று அவரையும் பஸ்ஸில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன்.

இங்கே வந்தால் ரத்தினம் அண்ணாச்சி இல்லை. சாயா குடித்த பிறகு அவரைப் பார்த்த நினைவு யாருக்கும் இல்லை. பள்ளிவாசல் பெரியவர் இரண்டு பேரைத் தக்கலை ரோட்டுப் பக்கம் அனுப்பியிருக்கிறார். நான் மேற்கே எல்லாத் தெருவும் பார்த்துவிட்டேன். கிழக்கே போய்ப் பாரும் என்று அந்த மரச்சீனிக்காரரைத் தூறலில் அனுப்பினேன். போய்விட்டு நனைந்து வந்து, "நாலு தெருவிலயும் கேட்டாச்சு, காணல" என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இருட்டப் போகிறது. மாத்திரை என் கையில் இருக்கிறது. எங்கேயாவது தலை சுற்றி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. நான் டைப் அடிப்பதைப் பார்த்து இந்த மனிதர், "வீட்டுக்கா?" என்கிறார். உம்ம வேலையைப் பாரும் என்றேன்.

மாமா, ஒரே ஒரு உதவி. இந்தக் கடிதத்தை அப்படியே பெண் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். குமரேசன் என்ற பெயரில் வந்திருக்கும் ஈஸ்வரமூர்த்தி அவர்கள் பார்த்தது பாதிதான். கணக்குத் தப்பியதற்கு முழுக் காரணம், அறிவு என்பது மருந்துக்கும் இல்லாத ஒரு மரச்சீனிக்காரர் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசீர்வாதத்தை மட்டும் நம்பி இருக்கும்,

மருமகன்
ஆதர்ஷ்

பின்குறிப்பு (6.25): மேலே உள்ளதை அனுப்பி அரை மணி நேரம் கூட ஆகவில்லை. முதலில் ரத்தினம் அண்ணாச்சி வந்துவிட்டார். அடுத்த தெருவில் அவரோடு டிப்போவில் வேலை பார்த்த பழைய டிரைவர் வீடாம். சாயாவுக்கு நடுவில் எதிர்ப்பட்டு அழைத்துக்கொண்டு போய், அரிசிப் பத்திரி சாப்பிட வைத்து, அவருக்கும் சர்க்கரை என்பதால் மாத்திரையும் வீட்டிலேயே கொடுத்துவிட்டாராம். "பஸ்ஸு நிக்காதுன்னு நீருதான சொன்னீரு? செரி, நாம ராத்திரி வண்டியில போவோம்னு இருந்துட்டேன்" என்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்து குமரேசன் வந்து, "தம்பி, மனுச வாழ்க்கைய பாத்தேரா? ஒரு நொடியில காணாம போயிருது" என்று தொடங்கி ஒரு விண்ணப்பத் தாளை நீட்டினார். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

அப்போதுதான் உங்கள் பதில் வந்தது. "மருமோனே, கடிதம் ரொம்ப நீளம், படிக்கல்ல. கடைசியில 'பெண் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்'னு மட்டும் கண்ணுல பட்டுது, அனுப்பியாச்சு. பெண்ணுக்க அப்பா மத்தியானம் தக்கலைச் சந்தைக்கு வந்துட்டுத் திருவிதாங்கோட்டுலதான் ஏறுவேன்னு சொன்னாரு. கையில மரச்சீனி இருக்கும். மரியாதையா நடந்துக்கோ."

மாமா, நான் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு போனில் வாட்ஸ்அப் மணி அடித்தது. மரச்சீனிக்காரர் ஈரக் கையை வேட்டியில் துடைத்து, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, என் கடிதத்தை விரல் வைத்து வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார். இந்த நிமிடம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்.

இனி நான் செய்யப் போவது:

1. அவர் முடிக்கும் வரை அசையாமல் இருப்பது. குளத்தில் சாடுகிற இடத்துக்கு வந்துவிட்டார். உதடு அசைகிறது. சிரிப்பா, கணக்கு வைக்கிறாரா என்று தெரியவில்லை.

2. முடித்ததும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பது. 'சார்' என்பதா 'மாமா' என்பதா என்று அதற்குள் முடிவு செய்வது. 'ஓய்' இல்லை.

3. மரச்சீனிப் பையை நான் தூக்கிக்கொண்டு, பஸ்ஸில் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி ஆள் எண்ணுவது.

4. "அறிவு என்பது மருந்துக்கும் இல்லாத" என்ற வரிக்கு விளக்கம் தயார் செய்வது. இது இனித் தேவைப்படாது போலிருக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டார். "பெல்ட்டு விசயத்த மோளுக்குக் காட்டணும்" என்று மட்டும் சொல்லி முழுவதையும் நந்தனாவுக்கு அனுப்பிவிட்டார்.

5. அவள் பதில் வந்திருக்கிறது: "அப்பா, அந்த மாத்திர போடுத தாத்தா கிடைச்சாச்சா? அத முதல்ல சொல்லச் சொல்லுங்க." அவர் போனை என் கையில் தந்து, "நீரே பதில் போடும்" என்கிறார். பதில் போடுவது. அண்ணாச்சி கிடைத்ததை முதலில்.