மரப்போனும் ஞாயிறு ஐந்து மணியும்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். உங்கள் முழங்காலும், உங்களோடு இருக்கிற உங்கள் மகளும் நலமாக இருக்க வேண்டும்.

பேத்திக்கு நீங்கள் சிம் போட்டு அனுப்பிய மொபைல் போன் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பலாம் என்றிருக்கிறேன். கோபப்படாதீர்கள். பன்னிரண்டு வயதில் போன் கொடுக்கலாமா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் தச்சன், அளக்காமல் எதையும் அறுக்க மாட்டேன். அதனால் தேக்குத் துண்டில் என் போன் அளவுக்கே ஒரு போன் இழைத்து, உள்ளே இரும்பு வைத்து எடையையும் சரிபார்த்து, கறுப்பு வார்னிஷ் அடித்து, "முப்பது நாள் இதைத் தொலைக்காம, கீறாம வச்சிரு, அப்புறம் பாக்கலாம்" என்று பாப்பாவிடம் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலை அவசரத்தில் மரப்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நிஜப்போனை அவள் புத்தகப்பையில் வைத்தவன் நான்தான். அலமாரிக்கு அளவெடுக்கப் போன வீட்டில், "இருங்கம்மா, என் ஆளைக் கூப்பிடுறேன்" என்று தேக்குக்கட்டையில் நம்பர் தட்டிக் காதில் வைத்தேன். அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதே நேரம் கணக்கு வகுப்பில் என் போன் அலற, தலைமையாசிரியை அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஆளனுப்பி என்னை வரவழைத்து, மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டார்கள். "உங்க பொண்ணு பொறுப்பானவ. அவ பையில நீங்க கை வைக்காம இருந்தாப் போதும்" என்றார்கள். பாப்பாவுக்கு வழியெல்லாம் சிரிப்பு. "ரெண்டும் ஒரே எடைன்னு பீத்திக்கிட்டீங்களேப்பா!"

முப்பதாம் நாள் மரப்போன் ஒரு கீறல் இல்லாமல் என் முன்னால் வந்தது. கண்ணாடி போட்டு, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "இன்னும் முப்பது நாள்" என்றேன்.

ஏன்னு கேப்பீங்க. உங்க மக என்னோட பேச்சை விட்டு ரெண்டு வருஷமாச்சு. தப்பு என்மேலதான், அதை இப்பக் கிளற வேணாம். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு என் போன் அடிக்கும். "பாப்பாகிட்ட குடுங்க." ரெண்டே வார்த்தை. அதுக்கு நாலு மணிக்கே முகம் கழுவி உக்காந்துடுவேன் மாமா. அப்புறம் ரெண்டு பேரும் பேசுறதை, அவ சிரிக்கிறதை, உளி தீட்டுற சாக்குல பக்கத்துலயே இருந்து கேட்டுக்கிட்டிருப்பேன். பாப்பாவுக்குத் தனிப் போன் வந்துட்டா, என்னைக் கூப்பிட அவளுக்கு என்ன தலையெழுத்து?

ஆகவே, பிள்ளைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று உங்கள் மகளிடம் நீங்களே நயமாகச் சொல்லிவிடுங்கள். மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் ஆசி எங்கள் இருவருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன் (இன்னமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்)

பி.கு.: என் கையெழுத்துதான் தெரியுமே, முகவரி எழுதப் பாப்பாவிடம் கொடுத்தேன். உறையை ஒட்டாமல் கொடுத்த மடையன் நான், முழுக்கப் படித்துவிட்டாள். மரப்போனைக் கொண்டுவந்து என் உளிப்பெட்டியில் வைத்துவிட்டு, "எனக்குப் போன் வேணாம்ப்பா. அம்மா உங்க போன்லயே பேசட்டும்" என்றாள். அந்த நிமிஷமே உங்கள் பெட்டியைப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள்.

இன்று ஞாயிறு. ஐந்து மணிக்கு உள்ளறையில் பாப்பாவின் போன் அடித்தது. பாப்பா கதவைச் சாத்திக்கொண்டாள். அது நான் செய்த கதவு மாமா. இம்மி இடைவெளி கிடையாது. ஒண்ணுமே கேக்கல.