தங்கையனின் சேற்றுப் பயிற்சி

தங்கையன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாலாவது மாதம் ஒரு முடிவெடுத்தார். சாதாரண முடிவு இல்லை. காபி தம்ளரைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமி, மனைவி பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து வெளியே வரும்வரை காத்திருந்து அறிவிக்க வேண்டிய முடிவு.

"பொன்னு, நான் தனியா நடைக்குப் போகப் போறேன்."

"நடவுக்கா?"

"நடைக்கு! நடை! கோடியக்கரைப் பக்கம், உப்பளமெல்லாம் தாண்டி, கடலுக்கும் சதுப்புக்கும் நடுவுல ஒரு தடம் போகுது. ஆளு கெடையாது, கடை கெடையாது. முழங்கால் வரைக்கும் சேறு. நாலு நாள். இதுக்குப் பேரு சோலோ ட்ரெக்கிங்."

"சோளமா? நம்ம மண்ணுல சோளம் வராதுங்களே."

பொன்னுத்தாய் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறியவள். அவளுக்குச் சோலோவும் தெரியும், சோளமும் தெரியும். தங்கையனுக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை.

அவர் கும்பகோணத்தில் ஓர் அலுவலக நாற்காலியில் காலம் தள்ளியவர். அவருடைய அப்பா அடுத்தவர் வயல் சேற்றில் நின்றே ஆயுளைக் கழித்தவர். மகனின் கால் சேற்றில் படக் கூடாது என்றுதான் படிக்க வைத்தார். அப்பாவின் அந்த ஆசையைத் தங்கையன் மிகக் கவனமாக நிறைவேற்றி வந்தார். வலங்கைமானுக்குப் பக்கத்தில் தம் ஊரிலேயே மூணு மா நிலம் வாங்கிய பிறகும், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று "பயிர் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்.

இந்த வருஷம் அதற்கும் வழியில்லை. வழக்கமாக வேலை பார்க்கும் ஆள் திருப்பூருக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. "தரிசாவே கெடக்கட்டும்" என்று தங்கையன் ஆவணியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஒரு சம்பா போனா என்ன?" பொன்னுத்தாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை. கண்ணெதிரே மூணு மாவும் புல் மண்டிக் கிடப்பதை அவளால் பார்க்க முடியாது. ஆனாலும் பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாத நாள்களைத் தங்கையன் தம் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொள்வார்.

இப்போதும் சண்டை வரும் என்று தயாராகத்தான் இருந்தார். வயசு, முழங்கால் வலி, பாம்பு என்று அவள் எதைச் சொன்னாலும் பதில் வைத்திருந்தார். அவள் எதையும் சொல்லவில்லை.

"தாராளமா போங்க. ஆனா பழகாம போனா கடலோரத்துல கவுந்து கெடப்பீங்க. தூக்கிவிட ஆளு இருக்காதுன்னு நீங்களே சொல்றீங்க."

"அதனால?"

"பயிற்சி எடுங்க. நான் சொல்லிக் குடுக்கறேன்."

தங்கையன் மனம் குளிர்ந்து போனார். இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்!

மறுநாள் காலை புது ஷூவை மாட்டிக்கொண்டு, தோளில் பெரிய பையோடு நின்றார். பொன்னுத்தாய் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"ஷூவைக் கழட்டுங்க."

"ஆன்லைன்ல வாங்கினது பொன்னு! சேத்துக்குன்னே செஞ்சதாம்."

"செஞ்சவன் நம்ம ஊருச் சேத்தைப் பாத்திருக்க மாட்டான்."

அவர் கழற்றவில்லை. வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் இறங்கிய ரெண்டாவது அடியில் வலது கால் மேலே வந்தது, ஷூ வரவில்லை. குனிந்து தேடியதில் இடது ஷூவும் உள்ளே போனது. ரெண்டையும் பொன்னுத்தாய்தான் விரலால் நெம்பி எடுத்து வரப்பில் வைத்தாள். அதன் பிறகு வெறுங்கால்தான்.

"இப்ப கைக்கும் வேலை வேணும்" என்றாள். "வழியில ஆகாயத்தாமரை காலைச் சுத்தினா என்ன பண்ணுவீங்க?"

"அறுத்துவிடுவேன்."

"எங்க, அறுங்க பாக்கலாம்."

வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. தங்கையன் அறுத்தார். இழுத்தார். கரையில் போட்டார். வாரக் கடைசியில் திரும்பிப் பார்த்தால் தலைமடையிலிருந்து அவர்கள் வயல் வரைக்கும் தண்ணீர் சலசலவென்று ஓடி வந்தது.

"பாத்தியா, எவ்வளவு தூரம் வந்துட்டேன்!" என்றார்.

"தண்ணியும் வந்துடுச்சுங்க" என்றாள் அவள்.

அடுத்த வாரம் சமநிலைப் பயிற்சி. ஒற்றையடிக் கரையில் விழாமல் நடக்கப் பழக வேண்டாமா? அதற்கு வயல் வரப்பைவிட நல்ல இடம் எது? வரப்பு சரிந்து கிடந்தது. ஆகவே முதலில் வரப்பை வெட்டிச் சீர் செய்ய வேண்டியதாயிற்று. மம்பட்டி பிடிக்கப் பொன்னுத்தாய்தான் கற்றுக் கொடுத்தாள்.

"நுனியில புடிக்காதீங்க. பேனாவா அது? இப்படி, இடுப்பை வளைச்சு. ம், வரப்போட அண்டையை ஒட்டி வெட்டுங்க."

எதிர் வயல் வைரக்கண்ணு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணன் வயல்ல எறங்கிட்டாரு?"

"வயலா? அண்ணன் கடலுக்குப் போறாருடி. இது ஒத்திகை."

"தண்ணி கொஞ்சம் எங்க பக்கமும் திருப்பிவிடச் சொல்லுங்க. கடலு பெருசுதானே."

பிறகு ஒரு நாள் தங்கையன் சேறு போதவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். வீடியோவில் பார்த்த தடத்தில் முழங்கால் வரை புதைகிறதாம். இங்கே கணுக்கால்தான். மறுநாள் காலை அவர் வருவதற்குள் டிராக்டர் வந்து மூணு மா நிலத்தையும் சேறாகக் குழைத்துவிட்டுப் போயிருந்தது.

"எனக்காகவா பொன்னு?" என்றார்.

"பின்னே வேற யாருக்கு?"

கடைசியாகச் சுமை. பைக்குள் செங்கல் வைத்துக்கொள்ளலாம் என்றார் தங்கையன். செங்கல் முதுகைக் குத்தும் என்றாள் அவள். வைரக்கண்ணு வீட்டு நாற்றங்காலில் நாற்று பறித்து முடி முடியாகக் கட்டி வைத்திருந்தது. ஈரத்தோடு இருந்தால் நல்ல கனம். பையிலும் தலையிலுமாகத் தங்கையன் சுமந்தார்.

"எங்க எறக்குறது?"

"நம்ம வயல்லயே எறக்குங்க. பக்கமாத்தானே இருக்கு."

சுமக்க எடுத்த நாற்று வாடிப் போகக் கூடாது என்பதால் பொன்னுத்தாயும் வைரக்கண்ணுவும் இன்னும் சில பெண்களும் இறங்கி நட்டார்கள். தங்கையன் வரப்பில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். வயிறு உள்ளே போயிருந்தது. கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இருந்தது. பெருமையாக நிமிர்ந்தவர் கண்ணில் மூணு மாவும் பச்சையாகப் பட்டது.

இளநீர் புரை ஏறியது.

"பொன்னு! இது நடவுல்ல?"

"ஆமாங்க."

"நான் தரிசுன்னுல்ல சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. உங்க கையும் காலுந்தான் கேக்கல."

பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. தங்கையன் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ரெண்டு நாளும் காலையில் பல் விளக்காமல் வயலுக்குப் போய், எந்த நாற்று நிமிர்ந்திருக்கிறது, எது சாய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் ரோஷம் வந்தது.

"உன் வேலை முடிஞ்சுதுல்ல? இனி என் வேலை. நாளைக்குக் கெளம்புறேன். நாலு நாள். யாரும் தடுக்க முடியாது."

"யாரு தடுத்தா?" புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். முதல் பஸ்ஸுக்குக் கூடவே வந்து ஏற்றிவிட்டு, கையும் காட்டினாள்.

கோடியக்கரையில் இறங்கி, தடத்தைப் பிடித்து நடந்தார். உண்மையிலேயே ஆளில்லை. ஒரு பக்கம் உப்பளம் வெள்ளையாக மின்னியது. இன்னொரு பக்கம் கடல். சேறு கறுப்பாக, காலை இழுத்தது. தங்கையன் வழுக்கவில்லை, விழவில்லை. 'நான்தான், நான் ஒருவன்தான்' என்று மார்பு விம்மியது. ஒரு பிடி சேற்றை அள்ளி முகர்ந்து பார்த்தார். உப்பு. ஒரு நெல்லுகூட முளைக்காது. இவ்வளவு சேறும் வீண்.

மதியம் வானம் ஊர்ப் பக்கமாகக் கறுத்தது. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பாதியில் மடித்தார். நட்டு வாரம்கூட ஆகாத நாற்று. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். போனை எடுத்தார்.

"பொன்னு, அங்க மழையா?"

"இருட்டிக்கிட்டு வருதுங்க. சேறு எப்படி இருக்கு?"

"அதை விடு. தண்ணி வடிய வடிமடையை வெட்டிவிட்டியா?"

"எனக்கு மம்பட்டி புடிக்கத் தெரியாதே."

"என்னது!"

"நீங்க வந்து பாத்துக்கலாம். நாலு நாள்தானே."

"நாலு நாள்ல ஒரு நாத்து மிஞ்சாது!"

"நீங்க அங்க நிம்மதியா நடங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

தங்கையன் நிம்மதியாக நடக்கவில்லை. வந்த வழியே ஓடினார். பஸ் மாறிப் பஸ் ஏறி, பொழுது சாயும்போது கொட்டும் மழையில் இறங்கி, பையோடு நேரே வயலுக்குப் போனார். வடிமடை சீராக வெட்டிக் கிடந்தது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு வெளியேறியது. நாற்றுகள் எல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. மம்பட்டி பிடிக்கத் தெரியாதவளின் வெட்டு, வரப்போடு வரப்பாக, நூல் பிடித்தது போல இருந்தது.

வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தபடி வீட்டுக்கு வந்தார்.

"மழைன்னு தடத்தை அடைச்சுட்டாங்க பொன்னு. இல்லேன்னா நாலு நாளும் நடந்துதான் வந்திருப்பேன்."

"அப்படியா? காலைக் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தார். ரெண்டு தட்டு போட்டிருந்தது. சட்டியில் கெண்டைமீன் குழம்பு மணத்தது. அவருடைய தட்டில் அவருக்குப் பிடித்த தலைத்துண்டு.

"நான் போன் பண்ணினதும் குழம்பு வச்சியா?"

"குழம்பு அப்பறம்தான் வச்சேன்" என்றாள் பொன்னுத்தாய், சோற்றைப் போட்டபடி. "மீனை, காலையில உங்களை பஸ் ஏத்திவிட்டுத் திரும்பறப்பவே ரெண்டு பேருக்குமா வாங்கிட்டேன்."